வேலைக்குப் போகிறவர் ஸ்பானிஷ் படிக்க: கோர்ஸில் சேரும் முன் எதைப் பார்ப்பது?

நீங்கள் கேட்டது ‘ஸ்பானிஷுக்கு நல்ல கோர்ஸ் எது?’ என்று. கூடவே சில விவரங்களும் சொல்லியிருக்கிறீர்கள்: வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கோயம்புத்தூரில் வேலை, வீடு வந்து சேர ஏழரை மணி ஆகிறது, ஒரு ஆப்பில் பல மாதம் விடாமல் பயிற்சி செய்தும் வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம் முழுசாக வரவில்லை. ஆக, உங்களுக்கு வேண்டியது நிறுவனங்களின் பட்டியல் அல்ல. பணம் கட்டுவதற்கு முன் ஒரு கோர்ஸ் உருப்படியானதா இல்லையா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது, இந்த வயதில் இது நடக்கிற காரியமா, எவ்வளவு காலம் பிடிக்கும். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் காலக்கணக்கு, ஏனென்றால் பெரும்பாலான ஏமாற்றம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஐரோப்பியக் கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். பி1 என்றால் பயணத்திலும் அன்றாட விஷயங்களிலும் தட்டுத் தடுமாறியாவது சமாளிக்கலாம். பி2 என்றால் அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசலாம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கழகம், ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகளை வேலைக்கு ஏற்ற அளவு ஸ்பானிஷ் பேசவைக்க சுமார் 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. அவர்கள் முழுநேரமும் அதையே படிக்கிறவர்கள், வகுப்பும் சிறியது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவருக்கு என் கணக்கு இது: ஏ1 முடிக்க வகுப்பில் 60 முதல் 80 மணி, வீட்டிலும் அதே அளவு. பி1ஐத் தொட எல்லாம் சேர்த்து 350 முதல் 400 மணி. வாரம் 4 மணி வகுப்பு, 4 மணி சொந்தப் பயிற்சி என்றால் 50 வாரத்தில் 400 மணி வரும். காய்ச்சல், கல்யாணம், ஆடிட் எல்லாம் இடையில் வருவதால் பலருக்கு ஒன்றரை வருஷம் ஆகிறது. ‘90 நாளில் சரளம்’ என்கிற விளம்பரத்தைப் பார்த்தால் யோசிக்காமல் அடுத்ததற்குப் போய்விடலாம்.

ஆப் ஏன் கைவிட்டது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். டியோலிங்கோ மாதிரியான ஆப்களில் கண்ணால் பார்த்துச் சரியான சொல்லைத் தட்டுகிறீர்கள். அது அடையாளம் காணும் திறனை வளர்க்கும். பேசும்போது சொல்லை நீங்களே வரவழைக்க வேண்டும், வினையைத் தன்மைக்கும் முன்னிலைக்கும் ஏற்ப மாற்ற வேண்டும், எதிரில் இருப்பவர் காத்திருக்கும் இரண்டு நொடிக்குள் இதெல்லாம் நடக்க வேண்டும். இது தனிப் பயிற்சி. படித்தது வீணில்லை, சில நூறு சொற்கள் உள்ளே இருக்கின்றன. வெளியே எடுக்கும் பழக்கம்தான் இல்லை. எனவே இனி நீங்கள் பணம் கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: நீங்கள் பேசி, ஒருவர் திருத்தும் நேரம். மற்றதெல்லாம் இன்று இலவசமாகவே கிடைக்கிறது.

இந்த அளவுகோலை எந்த வகுப்பின் மேலும் வைத்துப் பாருங்கள். ஒன்றரை மணி நேர வகுப்பு, பன்னிரண்டு பேர், ஆசிரியர் பாதி நேரம் பேசுகிறார், மீதி நேரத்தில் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்கிறார் என்றால் உங்கள் பங்கு நான்கு நிமிடத்துக்கும் குறைவு. அதே பன்னிரண்டு பேரை இருவர் இருவராகப் பிரித்து அரை மணி நேரம் பேசவிட்டால் உங்களுக்குப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். ஆகவே தலை எண்ணிக்கை மட்டும் முக்கியமல்ல. எட்டுப் பேருக்குள் இருந்தால் நல்லது, ஆனால் ஆசிரியர் விரிவுரை நடத்துகிற ஆறு பேர் வகுப்பைவிட ஜோடிப் பயிற்சி நடக்கிற பன்னிரண்டு பேர் வகுப்பு மேல்.

டெமோ வகுப்பு என்று தனியாக ஒன்று நடத்துவார்கள். அது காட்சிக்கு வைப்பது. முடிந்தால் நடந்துகொண்டிருக்கும் பேட்ச் ஒன்றில் ஒரு நாள் பின்னால் உட்கார அனுமதி கேளுங்கள். உட்கார்ந்தால் கவனிக்க வேண்டியவை: ‘பக்கத்தைத் திருப்புங்கள், ஜோடியாகச் சேருங்கள்’ போன்ற சாதாரணக் கட்டளைகளை ஆசிரியர் ஸ்பானிஷில் சொல்கிறாரா, ஒலிப்பதிவைப் போடுகிறாரா, போட்டால் இரண்டு தடவை கேட்கவிட்டு அப்புறம்தான் எழுத்துவடிவத்தைக் காட்டுகிறாரா, போன வார வீட்டுப்பாடம் திருத்தப்பட்டுத் திரும்பி வருகிறதா. பலகை முழுக்க வினைத்திரிபு அட்டவணை, மாணவர்கள் தலைகுனிந்து நகல் எடுக்கிறார்கள் என்றால் அங்கே நீங்கள் நன்றாக எழுதக் கற்றுக்கொள்வீர்கள், அவ்வளவுதான்.

பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஸ்பானிஷைப் பரப்ப ஸ்பெயின் அரசு நடத்தும் செர்வாண்டஸ் நிறுவனம் வகுத்த பாடத்திட்டத்தைத்தான் ஸ்பெயினின் டிஃபுசியோன், எடினூமென் போன்ற பதிப்பகங்களின் பாடநூல்களும் அனுசரிக்கின்றன. அதன்படி ஏ1இல் நிகழ்காலம். ஏ2இல் இறந்தகாலத்தின் வெவ்வேறு வடிவங்கள். எதிர்காலம், நிபந்தனை வடிவம், ‘அவர் வர வேண்டும் என்று விரும்புகிறேன்’ போன்ற இடங்களில் வரும் சுப்ஹுன்டிவோ என்ற வினைவடிவம் ஆகியவை பி1இல். மூன்று மாதத்தில் எல்லாக் காலங்களும் முடித்துத் தருகிறோம் என்று ஒரு பாடத்திட்டம் சொன்னால், அட்டவணைகளை முடித்துத் தருகிறார்கள் என்று அர்த்தம். சேரும் முன் உங்கள் நிலையைச் சோதிக்கிறார்களா என்றும் பாருங்கள். ஆப்பில் படித்தவர்கள் எழுத்துத் தேர்வில் ஏ2 வாங்கி, பேசும்போது ஏ1இலேயே நிற்பார்கள். ஐந்து நிமிடமாவது பேசவைத்துப் பார்க்காமல் ஏ2 வகுப்பில் தூக்கிப் போட்டால் நீங்கள் அங்கே மௌனமாகத்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

நம் ஊர்ப் பக்கம் யாரும் கேட்காத, ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘உங்களிடம் கடைசியாக பி1 பேட்ச் எப்போது ஓடியது?’ ஏ1 வகுப்பு ஆரம்பிப்பது சுலபம், எல்லோரும் சேர்வார்கள். முடியும்போது பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். ஏ2 ஆரம்பிக்கும் அளவுக்கு ஆள் சேராமல் ‘அடுத்த மாதம் பாருங்கள்’ என்று மாதங்கள் ஓடும், அந்த இடைவெளியில் படித்தது கரைந்துவிடும். பெரு நகரங்களுக்கு வெளியே இது மிகச் சாதாரணம். பதில் மழுப்பலாக இருந்தால் அந்த இடத்தில் ஏ1 மட்டும் முடிப்பதாக வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வேறு ஏற்பாட்டை இப்போதே யோசியுங்கள். அதனால்தான் எல்லாப் படிகளுக்கும் சேர்த்துக் கட்டினால் பெரிய தள்ளுபடி என்பதற்கு மயங்காதீர்கள் என்கிறேன். ஒவ்வொரு படியாகக் கட்டுங்கள். தவறிய வகுப்புக்கு ஈடு உண்டா, பாதியில் பேட்ச் நின்றால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஆசிரியர் ஸ்பெயின்காரராகவோ மெக்சிகோக்காரராகவோதான் இருக்க வேண்டுமா என்றால், ஆரம்பத்தில் அவசியமில்லை. சி1 தேறிய, பிறருக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஓர் இந்திய ஆசிரியருக்கு நம் ஆட்கள் எங்கே இடறுவார்கள் என்று தெரியும். தாய்மொழி என்பதைத் தவிர வேறு தகுதியில்லாதவர் ‘அப்படித்தான் சொல்வோம்’ என்பதோடு நிறுத்திவிடுவார். பி1க்கு மேல் போகப் போக நிலைமை தலைகீழாகும். அப்போது இயல்பான வேகம், பேச்சுவழக்கு, சொல்லிணைப்பு எல்லாம் தாய்மொழிக்காரரிடம்தான் வரும்.

இடங்கள் என்று பார்த்தால், இந்தியாவில் ஸ்பெயின் அரசின் செர்வாண்டஸ் நிறுவனம் புது தில்லியில் 2009 முதல் இயங்குகிறது. இணைய வகுப்புகளும் உண்டு என்பதால் கோயம்புத்தூரிலிருந்தே சேரலாம். படிகள் ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருப்பதும், அடுத்த படிக்கு வகுப்பு இருக்குமா என்ற கவலை குறைவதும் அங்கே லாபம். குழு வகுப்புக்கே உரிய குறை, உங்களுக்காக வேகம் குறையாது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஹைதராபாதின் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம் (இஃப்ளூ) ஆகியவற்றில் ஸ்பானிஷ் துறைகள் இருக்கின்றன. ஆனால் முக்கியமாகப் பட்டப்படிப்புக்காக அமைந்தவை என்பதால் உங்கள் நேரத்துக்கு ஒத்துவராது. உங்கள் நிலைமைக்கு நான் சொல்லும் ஏற்பாடு: முதுகெலும்பு மாதிரி ஒரு குழு வகுப்பு, அதோடு வாரத்துக்கு இரண்டு தடவை அரை மணி நேரம் ஐடாக்கி (italki), பிரெப்ளி (Preply) போன்ற இணையதளங்களில் தனி ஆசிரியர். ஒரே ஒரு மணி நேரத்தைவிட இரண்டு அரை மணி நேரம் நல்லது, இடையில் மறக்க நேரம் கிடைக்காது.

தனி ஆசிரியரைத் தேடும்போது நேரக் கணக்கு பாருங்கள். இங்கே இரவு 9 மணி என்றால் மாட்ரிடில் குளிர்காலத்தில் மாலை 4:30, கோடையில் 5:30. அதே நேரம் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் மதியம் 12:30. காலையில் எழுந்து படிக்கிற ஆள் என்றால் இங்கே 6 மணிக்கு கொலம்பியாவின் பொகோட்டாவில் முந்தைய நாள் இரவு 7:30, மெக்சிகோ நகரத்தில் மாலை 6:30. ஏழரைக்குக் களைத்து வருகிற உங்களுக்குக் காலை நேரம்தான் கைகொடுக்கும் என்று தோன்றுகிறது. அந்த நேரத்தில் லத்தீன் அமெரிக்க ஆசிரியர்கள் தாராளமாகக் கிடைப்பார்கள்.

தனி வகுப்பிலும் காசு வீணாகும் வழி இருக்கிறது. ‘சும்மா பேசலாம்’ என்று ஆரம்பித்தால் ஆசிரியர்தான் பேசுவார், நீங்கள் தலையாட்டுவீர்கள். முந்தைய நாளே தலைப்பைச் சொல்லிவிடுங்கள்: ‘நேற்று அலுவலகத்தில் நடந்தது’, ‘என் தெரு’ என்று சின்னதாக. பேசும்போது இடைமறிக்காமல் தவறுகளைச் சாட்டில் எழுதச் சொல்லுங்கள். கடைசி பத்து நிமிடம் அந்தத் தவறுகளை மட்டும் எடுத்து, அதே வாக்கியங்களைத் திரும்பச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பு அந்தத் தவறுகளோடு தொடங்க வேண்டும். இப்படி நடத்த மறுக்கிறவரை இரண்டாவது வகுப்போடு மாற்றிவிடலாம், சங்கடப்பட ஒன்றுமில்லை.

தமிழ் பேசுகிறவருக்கென்று சில சாதகங்கள் இருக்கின்றன. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதப்பட்ட கோர்ஸ்கள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. ‘மே குஸ்தா எல் கஃபே’ என்ற அமைப்பைப் புரியவைக்க அந்தக் கோர்ஸ்கள் பல பக்கம் செலவிடும். நமக்கு அது ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பதன் அதே கட்டுமானம், ஆங்கிலத்தின் வழியாகப் போகாமல் தமிழிலிருந்து நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுவாயை விட்டுவிட்டு வினைவிகுதியாலேயே ஆளைக் காட்டுவதும் அப்படித்தான். உச்சரிப்பில் த, ப, க மூன்றையும் மூச்சை ஊதாமல் சொல்வது நமக்குப் பிறவிப் பழக்கம். ‘அது’ என்பதில் வரும் மெல்லிய து, ஸ்பானிஷில் உயிர்களுக்கு நடுவே வரும் அந்த ஒலிதான்.

இடறும் இடங்களும் உண்டு. தமிழில் சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. ஸ்பானிஷில் ‘ஆப்லோ’ என்று முதல் அசையை அழுத்தினால் நான் பேசுகிறேன், கடைசி அசையை அழுத்தினால் அவர் பேசினார். புதுச் சொல்லைக் கற்கும்போதே அழுத்தத்தோடு வாய்விட்டுச் சொல்லிப் பழகாவிட்டால் பின்னால் திருத்துவது கஷ்டம். இன்னொன்று, உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைக்காதீர்கள். முத்தத்துக்கான சொல்லும் எடைக்கான சொல்லும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பெசோ’தான். ஸ்பானிஷ் எழுத்துமுறை பெரும்பாலும் எழுதியபடியே படிப்பது, முதல் வாரத்திலேயே அதன் விதிகளை முடித்துவிடலாம். மூன்றாவது, பால். தமிழில் மேசைக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது, அங்கே உண்டு. சொற்களை ‘எல் லிப்ரோ, லா மெசா’ என்று முன்னொட்டோடுதான் அட்டையில் எழுத வேண்டும். ஓவில் முடிந்தால் ஆண்பால், ஆவில் முடிந்தால் பெண்பால் என்ற விதி பெரும்பாலும் சரி, ஆனால் ‘லா மானோ’, ‘எல் ப்ரோப்ளேமா’, ‘எல் தியா’ போன்ற அன்றாடச் சொற்களே அதை மீறும். அங்கி போன்ற நினைவட்டை ஆப்பில் ஒரு நாளைக்குப் பத்துப் புதுச் சொல் போதும். ஆர்வத்தில் முப்பது வைத்தால் சில வாரத்தில் திருப்பிப் பார்க்க வேண்டியவை இருநூறைத் தாண்டி, ஒரு நாள் திறக்கவே மனம் வராது.

சான்றிதழ் வேண்டுமா என்பதை நோக்கம்தான் தீர்மானிக்கும். டெலே என்பது ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் பெயரில் செர்வாண்டஸ் நிறுவனம் தேர்வு வைத்து வழங்கும் ஸ்பானிஷ் சான்றிதழ். காலாவதி கிடையாது, ஒரு படியைத் தேர்ந்தெடுத்து எழுதுகிறீர்கள், தேர்ச்சி அல்லது தோல்வி. ஏ1 முதல் பி2 வரை மதிப்பெண் இரண்டு தொகுதி: வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 50, கேட்பதும் பேசுவதும் சேர்ந்து 50. ஒவ்வொன்றிலும் 30 வாங்க வேண்டும். ஒன்றில் 50க்கு 50 எடுத்தாலும் மற்றதில் 29 என்றால் தோல்விதான், பேசாமல் படித்தவர்கள் விழுவது இங்கேதான். சியெலே என்பது 2016இல் வந்த கணினித் தேர்வு. செர்வாண்டஸோடு சலமான்கா, மெக்சிகோ தேசியத் தன்னாட்சி, புவெனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது. நான்கு திறன்களுக்கும் தலா 250 மதிப்பெண், தோல்வி என்று ஒன்று இல்லை, எடுத்த மதிப்பெண்ணுக்கு ஏற்ற படி கிடைக்கும். ஐந்து வருஷம் செல்லும். வேலைக்குக் காட்ட அவசரமாக ஏதாவது வேண்டுமென்றால் சியெலே, நிரந்தரமாக வேண்டுமென்றால் டெலே. பயிற்சி நிறுவனமே அச்சடித்துத் தரும் சான்றிதழை சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

ஸ்பெயின் ஸ்பானிஷா, லத்தீன் அமெரிக்காவா என்பதற்காக இப்போது ஒரு கோர்ஸை ஒதுக்க வேண்டாம். ஸ்பெயினில் ‘நீங்கள் எல்லோரும்’ என்பதற்கு நண்பர்களிடம் ‘வொசோத்ரோஸ்’, லத்தீன் அமெரிக்காவில் எல்லோரிடமும் ‘உஸ்தேதெஸ்’. ‘நீ’ என்பதற்கு அர்ஜென்டினாவில் ‘தூ’வுக்குப் பதில் ‘வோஸ்’. சில ஒலிகளும் அன்றாடச் சொற்களும் வேறு. பி1 வரை இந்த வித்தியாசம் உங்களைத் தடுக்காது. அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலைக்கென்றால் மட்டும் முதலிலிருந்தே மெக்சிகோ, கொலம்பியா குரல்களை அதிகம் கேட்டுப் பழகுங்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதியானது. இனி வருவது அப்படியல்ல. வயது விஷயத்தில், வளர்ந்த பிறகு தொடங்குகிறவர்களுக்கு உச்சரிப்பு தாய்மொழிக்காரர் போல ஆவது அரிது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. ஆனால் இலக்கணத்தைப் புரிந்துகொள்வதில் தொடக்கத்தில் குழந்தைகளைவிடப் பெரியவர்கள் வேகமானவர்கள். நாற்பதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் எவ்வளவு வேறுபாடு என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. தினமும் கிடைக்கும் நேரம் வயதைவிடப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அதேபோல் இலக்கணம் படிக்காமல் புரிகிற மாதிரியான காணொளிகளை நூற்றுக்கணக்கான மணி நேரம் கேட்டே மொழியைப் பிடிக்கலாம் என்கிற முறை ஒன்று இருக்கிறது. ட்ரீமிங் ஸ்பானிஷ் என்ற காணொளித் தளம் அந்த வழி, தன் கடைசிப் படிக்கு 1500 மணி நேரம் சொல்கிறது. கேட்கும் திறனுக்கு அது அருமையான பொருள் என்பதில் சந்தேகமில்லை. அது மட்டுமே போதுமா என்பதில் ஆசிரியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை, நானும் போதும் என்று சொல்லமாட்டேன். தினம் இருபது நிமிடம் அதைக் கேளுங்கள், வகுப்பை விடாதீர்கள்.

நீங்கள் விட்டுவிட நினைக்கப்போகும் இடம் எது என்றும் சொல்லிவிடலாம்: ஏ2வின் நடுவில், இரண்டு இறந்தகாலங்கள் கலக்கும்போது. முடிந்துபோன நிகழ்ச்சிக்கு ஒன்று, பின்னணியையும் வழக்கத்தையும் சொல்ல இன்னொன்று. ‘நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், போன் அடித்தது’ என்பதில் முதல் பாதிக்கு ஒரு வடிவம், இரண்டாம் பாதிக்கு மற்றது. விதி புரிந்துவிடும், பேசும்போது வராது, முன்னேற்றமே நின்றுபோனதாகத் தோன்றும். அந்த இரண்டு மாதங்களில் புதுப் பாடத்தைக் குறைத்து, தனி ஆசிரியரிடம் நடந்த சம்பவங்களை மட்டுமே சொல்லிக்கொண்டிருங்கள். அந்தச் சமயத்தில் கோர்ஸை மாற்றுவது பலர் செய்வது, அதனால் பயன் இல்லை. புது இடத்தில் மறுபடி ஏ2வின் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்து அதே இடத்தில்தான் வந்து நிற்பார்கள்.

விடுமுறையில் வெளிநாடு போய்ப் படிக்கலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு: ஏ2 முடிக்கும் முன் வேண்டாம். இங்கேயே குறைந்த செலவில் படிக்கக்கூடிய எழுத்துகளையும் எண்களையும் படிக்க விமானச் செலவு வீண். ஏ2க்குப் பிறகு இரண்டு அல்லது மூன்று வாரம் நல்ல பலன் தரும். ஸ்பெயினில் சலமான்கா இதற்குப் பழைய பெயர் பெற்ற ஊர், செர்வாண்டஸ் அங்கீகாரம் பெற்ற பள்ளியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கௌதமாலாவின் ஆன்டிகுவா, கெட்சால்தெனாங்கோ ஊர்களில் ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் என்று தினம் நான்கைந்து மணி நேரம் நடத்தி, உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கவும் வைப்பார்கள். வகுப்புக் கட்டணம் ஸ்பெயினைவிடக் குறைவு, விமானக் கட்டணம் அந்த லாபத்தைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எங்கே போனாலும் பதிவு செய்யும்போது, அதே வீட்டில் ஆங்கிலம் பேசும் வேறு மாணவர் தங்குவாரா என்று கேளுங்கள். தங்குவார் என்றால் வேறு வீடு கேட்டு வாங்குங்கள்.